வாசகர் கேள்வி பதில்: காலநிலை மாநாட்டில் நாடு அல்லாதவர்களுக்கு என்ன வேலை?

ஐ.நா. காலநிலை மாநாடுகள் குறித்து குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. அரசுகள் பேசி முடிவெடுக்கும் இடத்தில் சங்கங்கள், கம்பெனிகள், மாநகராட்சிகள், மாணவர் குழுக்கள் ஆகியோருக்கு உண்மையில் என்ன பிடி இருக்கிறது என்பதே அது. அந்தக் கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

எங்கள் ஆழ்கடல் மீனவர் சங்கம் பதிவு பெற்றது. ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கு நேரடியாகப் போய்ப் பேச முடியுமா? எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?
– சங்கச் செயலாளர் ஒருவர், தூத்தூர்

போகலாம். ஓரளவு பேசவும் செய்யலாம். முடிவெடுப்பதில் மட்டும் இடமில்லை. (அங்கே நாடுகளே வாக்களிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வாக்கெடுப்பு விதி 1995-ல் நடந்த முதல் மாநாட்டிலிருந்து ஏற்கப்படாமலே கிடக்கிறது. எதிர்ப்பில்லாமல் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு.)

உடன்படிக்கைக்குச் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தகுதியுள்ள எந்த அமைப்பையும் பார்வையாளராகச் சேர்க்கலாம் என்கிறது இந்த மாநாடுகளுக்கு அடிப்படையான 1992 ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு. கூடியிருக்கும் நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு எதிர்த்தால்தான் தடை. இப்படிச் சேர்ந்த அரசுசாரா அமைப்புகள் 3,000-க்கும் மேல். விண்ணப்பத்தை ஜெர்மனியின் பான் நகரில் உள்ள காலநிலைச் செயலகத்துக்கு இணையம் வழியாக அனுப்ப வேண்டும். சங்கப் பதிவுச் சான்று, பைலா, லாபநோக்கற்றது என்பதற்கான வருமான வரி ஆவணம், தணிக்கை செய்த வரவு செலவு, நிர்வாகிகள் பட்டியல், காலநிலை தொடர்பாக இதுவரை செய்த வேலைக்கு ஆதாரம் ஆகியவை வேண்டும். தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். செயலகம் சரிபார்த்து, மாநாட்டின் நிர்வாகக் குழு தற்காலிகமாக ஏற்று, அடுத்த மாநாடு முறைப்படி சேர்க்கும். இந்த ஆண்டு மாநாட்டுக்கு இந்த ஆண்டே விண்ணப்பித்துப் பயனில்லை.

பெரும்பாலும் இடிப்பது கடைசி ஆவணத்தில்தான். 'மீனவர் நலன்' என்று பைலாவில் எழுதியிருந்தால் போதாது. ஒக்கிப் புயலுக்குப் பிறகு கரைத்தொடர்பு, வானிலை எச்சரிக்கை, மீன்வரத்து மாற்றம் பற்றி உங்கள் சங்கம் கொடுத்த மனுக்கள், நடத்திய பயிற்சிகள், சேகரித்த கணக்கு எல்லாவற்றையும் தேதியோடு கோப்பாக்குங்கள். அடுத்த சிக்கல் பணம். வெளிநாட்டு அமைப்பு பயணச் செலவைச் சங்கக் கணக்கில் போட்டால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவும், அதற்கென டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கும் இல்லாமல் வாங்கக் கூடாது.

உள்ளே போன பிறகு தனித்தனி அமைப்பாகப் பேச முடியாது. பார்வையாளர்கள் ஒன்பது பிரிவுகளாக இருக்கிறார்கள்: தொழில் வணிகம், சூழல் அமைப்புகள், விவசாயிகள், பழங்குடிகள், உள்ளாட்சிகள், ஆய்வு நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், பெண்கள், இளைஞர்கள். நேரம் கொடுப்பது பிரிவுக்குத்தான், அதுவும் ஒன்றிரண்டு நிமிடம், தலைமை வகிப்பவர் அனுமதித்தால். மீனவர்களுக்கென்று தனிப் பிரிவு இல்லை. கடல் மட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசும் இடத்தில் இது ஒரு பெரிய ஓட்டை. நீங்கள் தொழிற்சங்கச் சட்டத்தில் பதிவானவர்கள் என்றால் தொழிற்சங்கப் பிரிவு பொருந்தும். சொசைட்டி என்றால் சூழல் பிரிவு.

எங்கள் யோசனை இது: முதல் முறை சொந்த அங்கீகாரத்துக்குக் காத்திருக்காமல், ஏற்கெனவே பார்வையாளராக உள்ள ஓர் அமைப்பின் ஒதுக்கீட்டில் ஒரு நுழைவு அட்டை கேளுங்கள். மாநாட்டுக்குப் பதிலாக ஜூனில் பான் நகரில் நடக்கும் துணைக்குழுக் கூட்டத்துக்குப் போங்கள். கூட்டம் குறைவு, வாசகங்கள் உருவாவதும் அங்கேதான். வரைவு வாசகத்தைப் பேசும் தொடர்புக் குழுக் கூட்டங்களில், நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு மறுக்காதவரை, பார்வையாளர்கள் உட்காரலாம். உங்கள் வாக்கியம் வரைவில் ஏற வேண்டுமானால் அந்த அறையில்தான், ஏதாவது ஒரு நாட்டின் பிரதிநிதி வாயால்தான் ஏறும்.

மீனவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு, அது இன்னும் அகலமானது. தேசிய மீன்தொழிலாளர் பேரவை நடத்திய கடற்கரைப் பயணம் 1989 மே 1-ல் கன்னியாகுமரியில் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது ஊரில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பேரவையும் அதை வழிநடத்திய தாமஸ் கோச்சேரி போன்றவர்களும்தான் 1997-ல் டெல்லியில் உலக மீனவர் பேரவை உருவாக முன்னின்றவர்கள். அந்த இயக்கங்கள் ரோமில் உள்ள உணவு வேளாண்மை அமைப்பில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசியதன் விளைவு, சிறுதொழில் மீன்பிடிக்கான 2014 வழிகாட்டு நெறிகள். அதன் 9ஆம் அத்தியாயம் முழுக்கப் பேரிடரும் காலநிலை மாற்றமும்தான். கட்டாயமில்லை, தன்விருப்ப நெறிகள்தான். ஆனால் இந்தியா உள்ளிட்ட நாடுகள் ஏற்றவை. மனு எழுதும்போது அத்தியாய எண்ணோடு மேற்கோள் காட்டினால் அதிகாரி புறந்தள்ளுவது கடினம்.

முப்பந்தல் காற்றாலைகள் கார்பன் கிரெடிட் விற்றதாகச் சொல்கிறார்கள். யாருக்கு விற்றார்கள், பணம் எங்கே போனது?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பணக்கார நாடுகள் உமிழ்வைக் குறைக்க ஒத்துக்கொண்ட கியோட்டோ ஒப்பந்தத்தில், வளரும் நாடுகளின் குறைப்பை அவர்கள் விலைக்கு வாங்க வழிவிட்ட 'தூய்மை வளர்ச்சி முறை' என்ற ஏற்பாட்டில் விற்றார்கள். ஒரு டன் கரியமில வாயுவைத் தவிர்த்தால் ஒரு கிரெடிட். கணக்கு எளிது: 2 மெகாவாட் காற்றாலை, ஆண்டு முழுதும் சராசரியாக 25 சதவீதத் திறனில் ஓடினால் 4,380 மெகாவாட் மணி. அதே மின்சாரத்தை நம் மின்கட்டத்திலிருந்து எடுத்தால் மெகாவாட் மணிக்கு ஏறக்குறைய 0.8 டன் என்று வைத்தால், ஆண்டுக்குச் சுமார் 3,500 கிரெடிட். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஆலைகளும் மின் நிறுவனங்களும். நம் பக்கத்துக் காற்றாலைகளில் பல மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்குச் சொந்தம். தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் பல ஆலைகளின் காற்றாலைகளை ஒரே கட்டாகச் சேர்த்துத் திட்டமாகவே பதிவு செய்தது. ஆகவே பணம் முதலாளிக்கு. நிலம் கொடுத்த ஊருக்குப் பங்கு தர விதி எதுவும் இல்லை.

நீங்கள் கேட்டதற்கு அப்பால் கவனிக்க வேண்டியது, இதில் அரசல்லாதவர்கள் செய்த வேலை. திட்ட ஆவணத்தை எழுதியது தனியார் ஆலோசகர். அதைச் சரிபார்த்தது இன்னொரு தனியார் நிறுவனம். கிரெடிட் எத்தனை என்று ஆண்டுதோறும் அளந்து சான்றளித்ததும் அத்தகைய நிறுவனமே. அரசு கொடுத்தது ஓர் ஒப்புதல் கடிதம், இந்த முறைக்கென்றே இருந்த ஐ.நா. நிர்வாகக் குழு கொடுத்தது பதிவு. சரிபார்ப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது திட்டக்காரர் என்பதால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். 2008-லும் 2009-லும் உலகின் பெரிய சரிபார்ப்பு நிறுவனங்கள் இரண்டை நிர்வாகக் குழுவே தற்காலிகமாக நிறுத்திவைத்தது. 'கிரெடிட் வருமானம் இல்லாவிட்டால் இந்தக் காற்றாலை வந்தேயிருக்காது' என்று நிரூபிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் காலத்தில் காற்றாலைக்கு முதல் ஆண்டே 80 சதவீதத் தேய்மானக் கழிவு வருமான வரியில் கிடைத்தது. அது மட்டுமே போதுமே என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. 2008-ல் 20 யூரோவுக்கு மேல் போன கிரெடிட், 2012 முடிவில் 1 யூரோவுக்கும் கீழே விழுந்தது.

ஒரு சின்னச் சுவாரசியம்: ஒவ்வொரு கிரெடிட்டிலும் 2 சதவீதம் தழுவல் நிதியம் என்ற, காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க உதவும் ஐ.நா. நிதிக்குப் போனது. அந்த நிதியத்திலிருந்து நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கி வழியாகத் தமிழ்நாட்டு, ராஜஸ்தான் நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்குப் பணம் வந்தது. முப்பந்தல் காற்று சுற்றி வளைத்துத் தமிழ்நாட்டு மானாவாரி நிலத்துக்கு வந்த வழி அதுதான்.

அந்தத் திட்ட ஆவணங்கள் இன்னும் ஐ.நா. தளத்தில் கிடக்கின்றன. 'உள்ளூர் மக்கள் கருத்து' என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். உங்கள் ஊர்க் கூட்டத்தில் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படத் தயாராக இருங்கள். பாரிஸ் ஒப்பந்தத்தின் 6.4 பிரிவில் வரும் புதிய முறையில் மேல்முறையீட்டுக்கும் குறை கேட்புக்கும் வழி வைத்திருக்கிறார்கள். பழையதில் அது இல்லை.

ரெண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ஒரு கம்பெனி ஆள் வந்து 'மரத்தைச் சும்மா நிறுத்தி வைத்தால் போதும், கார்பன் பணம் வரும்' என்று கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?
– விவசாயி, குலசேகரம்

அப்படியே போடாதீர்கள். முதலில் அவர் சொன்ன வாக்கியத்திலேயே கோளாறு இருக்கிறது. ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குக் கிரெடிட் கிடைக்காது. இனிமேல் கூடுதலாகச் சேரும் கரிமத்துக்குத்தான், அதுவும் இந்தத் திட்டம் இல்லாவிட்டால் அது சேர்ந்திருக்காது என்றால்தான். முறித்த ரப்பரைத் திரும்ப ரப்பராகவே நடுவது நம் ஊரில் வழக்கமாக எல்லாரும் செய்வது. அதைக் கூடுதல் என்று காட்டுவது மிகக் கடினம். தரிசாகக் கிடக்கும் நிலத்தில் புதிதாக நட்டால் வாய்ப்புண்டு. அங்கும் கடந்த 10 ஆண்டுக்குள் இயற்கைக் காட்டை அழித்த நிலமாக இருந்தால் தகுதி போய்விடும்.

இந்தச் சந்தையின் விதிகளை எழுதுவது எந்த அரசும் அல்ல. வெர்ரா, கோல்ட் ஸ்டாண்டர்டு போன்ற தனியார் லாபநோக்கற்ற அமைப்புகள்தான் விதி எழுதி, பதிவேடு நடத்தி, கிரெடிட்டுக்கு எண் கொடுக்கின்றன. 2023 ஜனவரியில் பத்திரிகைப் புலனாய்வு ஒன்று, வெர்ராவின் மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் உண்மையான குறைப்பு இல்லை என்று எழுதியது. வெர்ரா அதை மறுத்தது. எது எப்படியோ, அதன் பிறகு வாங்குபவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள், விலையும் சரிந்தது.

உங்களுக்கு நல்ல செய்தி, இந்தப் பதிவேடுகள் யாரும் பார்க்கலாம். வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எந்தப் பதிவேடு, திட்ட எண் என்ன? எண் இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். எண் இருந்தால் பதிவேட்டுத் தளத்தில் அதன் நிலையைப் பாருங்கள். 'தயாரிப்பில்' என்றோ 'சரிபார்ப்பில்' என்றோ இருந்தால் பதிவாகவில்லை என்று அர்த்தம், பணம் வர ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். திட்ட வரைபடத்தில் குமரி மாவட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு கணக்கு. கீழே வருவது உதாரணத்துக்கு எடுத்த எண்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 3 டன் கூடுதல் என்று வைப்போம். ரெண்டு ஏக்கருக்கு 6 டன். புயல், தீயில் மரம் போனால் ஈடுகட்ட ஒரு பங்கைப் பதிவேடு இருப்பாகப் பிடித்துக்கொள்ளும், 20 சதவீதம் என்றால் மிச்சம் 4.8. டன்னுக்கு 8 டாலர் கிடைத்தால் 38.4 டாலர். கம்பெனி பாதி எடுத்தால் உங்கள் கைக்கு 19 டாலர் சொச்சம், ஆண்டுக்கு. ரெண்டு ஏக்கரில் ஒரு நாள் பால்வெட்டில் கிடைக்கும் ஷீட்டின் விலையோடு இதை வைத்துப் பாருங்கள். ரப்பரை 25, 30 ஆண்டில் முறித்துவிடுவோம் என்பதால், உச்சத்தில் இருக்கும் கரிமம் முழுவதையும் எண்ண மாட்டார்கள். நடவு முதல் முறிப்பு வரை உள்ள நெடுநாள் சராசரிதான் எண்ணப்படும். முகவர்கள் காட்டும் பெரிய எண் பெரும்பாலும் உச்ச எண்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: எத்தனை ஆண்டு (20-லிருந்து 40 வரை சர்வசாதாரணம்), இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், நிலத்தை விற்றாலோ பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாலோ ஒப்பந்தம் அவர்களையும் கட்டுமா, வங்கியில் அடமானம் வைக்கத் தடையா, விலை பால்வெட்டை நிறுத்துமளவு இறங்கினால் மரத்தை முன்கூட்டியே முறிக்கலாமா. 2017-ல் ஒக்கி அடித்தபோது இந்த மாவட்டத்தில் ரப்பர் எப்படிச் சாய்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்படி ஒன்று வந்தால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா, பதிவேட்டு இருப்பிலிருந்து ஈடுகட்டுவார்களா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பட்டா கூட்டுப் பெயரில் இருந்தால் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டுக் கொடுத்த இடங்களில்தான் பின்னால் வழக்கு வருகிறது. தமிழ் நகல் கொடுக்க மறுத்தாலோ, ஆதாரும் வெற்றுத்தாள் கையெழுத்தும் கேட்டாலோ வாசலைக் காட்டுங்கள்.

வாக்கும் இல்லை, அதிகாரமும் இல்லை என்றால் இந்த அமைப்புகள் இதுவரை என்னதான் சாதித்தன?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

உங்கள் வயதுக்காரர்கள் செய்ததையே சொல்லலாம். 2019-ல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள், காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றம் சொல்ல வேண்டும் என்று கிளம்பினார்கள். மாணவர்களுக்கு அந்த நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. பொதுச்சபை போன்ற ஐ.நா. அமைப்புகள்தான் கேட்க முடியும். பசிபிக் அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு என்ற சின்னத் தீவுநாடு கையில் எடுத்தது. 2023 மார்ச் 29-ல் பொதுச்சபைத் தீர்மானம், 2025 ஜூலை 23-ல் நீதிமன்றத்தின் ஒருமித்த கருத்துரை: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம்.

இதில் உள்ள சூத்திரம் பழையது. 1990 முதலே சிறுதீவு நாடுகளின் கூட்டணிக்கு லண்டனில் இருந்த ஒரு சிறு சட்ட அமைப்பின் வழக்கறிஞர்கள் வரைவு எழுதிக்கொடுத்தார்கள். நாட்டுக்கு நாற்காலி உண்டு, ஆள் இல்லை. அமைப்புக்கு ஆள் உண்டு, நாற்காலி இல்லை. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் நாடல்லாதவர்களின் பலம்.

அதே கதவில் வேறு ஆட்களும் நுழைகிறார்கள். 2023 துபாய் மாநாட்டில் குறைந்தது 2,456 எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழில் பரப்புரையாளர்கள் அட்டை பெற்றிருந்ததாக அமைப்புகளின் கூட்டணி ஒன்று பெயர்ப் பட்டியலை வைத்து எண்ணிச் சொன்னது. பலர் தொழில் சங்கங்களின் பெயரில், சிலர் நாட்டுக் குழுவிலேயே. ஆகவே 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டிவிடாதீர்கள். யார் பெயரில், யார் செலவில் என்று கேளுங்கள். கம்பெனிகளின் 'நெட் ஜீரோ' (நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்ற) உறுதிமொழிகளையும் அப்படியே நம்பக் கூடாது என்பதுபோல் ஐ.நா. நிபுணர் குழு 2022-ல் சொன்னது: புதிய எண்ணெய்க் கிணற்றில் முதலீடு செய்துகொண்டே நெட் ஜீரோ என்று சொல்லக் கூடாது.

நம் நாட்டில் வழி பெரும்பாலும் நீதிமன்றம். கானமயில் என்ற அருகிவரும் பறவையைக் காக்க வனவிலங்கு ஆர்வலர் எம்.கே. ரஞ்சித்சிங் போட்ட வழக்கில்தான், 2024-ல் உச்ச நீதிமன்றம் காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசியல் சட்டத்தின் 14 (சமத்துவம்), 21 (உயிர்வாழும் உரிமை) பிரிவுகளில் கண்டது.

கடலரிப்பில் வீடு போய்விட்டது. இழப்பு, சேத நிதியம் என்று ஒன்று இருக்கிறதாமே. நாங்கள் நேராக விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், இரையுமன்துறை

இப்போதைக்கு முடியாது. 2022-ல் ஒத்துக்கொண்டு 2023-ல் செயல்படத் தொடங்கிய அந்த நிதியத்தின் முதல் கட்டத் தொகை 25 கோடி டாலர். ஒரு திட்டத்துக்கு 50 லட்சத்திலிருந்து 2 கோடி டாலர். குறைந்தது பாதி, மிக ஏழை நாடுகளுக்கும் சிறுதீவுகளுக்கும்; இந்தியா இரண்டிலும் இல்லை. விண்ணப்பம் நாட்டு அரசு வழியாகத்தான். ஊர்களுக்குச் சிறு நிதி நேரடியாகத் தரும் வழியும் நிதியத்தின் அடிப்படை ஆவணத்தில் எழுதியிருக்கிறது, அதை நடைமுறையாக்கக் கேட்பதுதான் அமைப்புகளின் இப்போதைய வேலை. பசுமைக் காலநிலை நிதியம் என்ற வேறொரு சர்வதேச நிதி இந்தியக் கடலோர ஊர்களுக்கு ஒரு பெரிய திட்டம் தந்தது. அது ஆந்திரம், மகாராஷ்டிரம், ஒடிசாவுக்கு. தமிழ்நாடு அதில் இல்லை.

எந்த நிதி வந்தாலும் முதலில் வரும் கேள்வி: அரிப்புக்குக் காரணம் காலநிலையா, பக்கத்துக் கட்டுமானமா? உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் இருப்பதால் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) போட்ட இடத்தில் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை கரையும். கள்ளக்கடல் அலை தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் புயல்களால் வருவது. கடல்மட்ட உயர்வு இதற்கெல்லாம் மேலே மெதுவாகச் சேர்வது. பிரித்துக் காட்டும் ஆவணம் ஊரிடம் இருந்தால் பேரம் பேசலாம்.

செய்ய வேண்டியது செலவில்லாதது. அசையாத மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: பள்ளி மூலை, குருசடி, மின்கம்பம். மாதம் ஒரே தேதியை ஒட்டி, அலை ஏறி நிற்கும் கோடு வரை டேப்பால் அளந்து, அதே இடத்தில் நின்று ஜி.பி.எஸ். பதிவோடு படம் எடுங்கள். ஆனி, ஆடியில் போகும் மணல் பிறகு ஓரளவு திரும்பும். ஆகவே மே மாதத்தை அடுத்த மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும், ஆகஸ்டோடு அல்ல. ஆகஸ்டு படத்தை மட்டும் வைத்துக் கொடுத்த மனுவை, 'பருவ மாற்றம்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் உயரலை எச்சரிக்கை வந்த நாள்களைக் குறித்து வையுங்கள். கல் கொட்டிய, வளைவு நீட்டிய தேதிகளும் வேண்டும். போன வீடுகளுக்குப் பழைய வீட்டுவரி ரசீது, மின் கட்டண ரசீது, பட்டா நகல். இதை மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்திடம் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். ஆட்சியர்தான் அதன் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர்.

மாநகராட்சி அரசு அமைப்புத்தானே? அதை ஏன் இந்தக் கூட்டத்தில் சேர்க்கிறார்கள்?
– வாசகர், தக்கலை

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இந்திய அரசு. மாநில அரசும் மாநகராட்சியும் ஊராட்சியும் கையெழுத்திடாதவர்கள், ஆகவே நாடல்லாதவர்கள் பக்கம். நாகர்கோவில் போன்ற மாநகராட்சி காலநிலைக்கான நகரங்களின் கூட்டணியான உலக மேயர்கள் உடன்படிக்கையில் சேர விரும்பினால் மேயர் கடிதம் கொடுக்க வேண்டும், 2 ஆண்டுக்குள் உமிழ்வுக் கணக்கும் ஆபத்து மதிப்பீடும், 3 ஆண்டுக்குள் செயல்திட்டமும் தர வேண்டும். கணக்கில் மின்சாரம் எளிது, மின்வாரியத்தில் கிடைக்கும். தடுமாறுவது குப்பை. வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் எத்தனை டன், எந்த ஆண்டு முதல் என்று எடை இல்லாமல் மீத்தேன் கணக்கு நிற்காது.

'காலநிலை மாநாட்டுக்குத் தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்' என்று மகனுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

மோசடி. மாநாட்டு அட்டைக்குச் செயலகம் எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை, தனிநபரைத் தானாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஒரு நாட்டு அரசோ பார்வையாளர் அமைப்போ பெயரைப் பரிந்துரைத்தால்தான் உண்டு. பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930 எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகல் அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள்.